ஆத்தா கேட்ட டிராக்டர்

“இனிமே எவனும் என்னையத் தோள்ல தூக்கக் கூடாதுடா! எனக்கு டிராக்டர் வேணும்!”

காப்புக்கட்டு அன்று சாமியாடி ராக்கன் மேல் இறங்கிய ஆத்தா இப்படிக் கேட்டதும், மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஆடு கேட்டிருக்கிறாள், பட்டுச்சேலை கேட்டிருக்கிறாள். டிராக்டர் கேட்டது இதுதான் முதல் தடவை.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அம்மன் பல்லக்கை எட்டுப் பேர் தூக்குவார்கள். பரம்பரை உரிமை. முன்னால் தூக்குகிறவன் விட்டால், அவன் பின்னால் நிற்பவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான். அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் திரும்பக் கிடைக்காது.

முதல் இடத்துக்காரர் சிவசாமி துள்ளிக் குதித்தார்.

“ஆத்தா, மூணு தலைமுறையா எங்க தோள்ல வந்தவ நீ. ஒன்னையக் கொண்டுபோயி எரு ஏத்துற வண்டியில ஏத்தச் சொல்றியா?”

“நீங்க தூக்குற லட்சணத்துல எனக்கு இடுப்பு கழலுதுடா!”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிவசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இது ஆத்தா இல்லப்பா! டிராக்டர்காரன்கிட்ட வாங்கித் தின்னுட்டு இவன் ஆடுறான்!”

சிவசாமிக்குப் பின்னால் நிற்கும் பங்காளி நாகராசு, அண்ணன் கிழக்கு என்றால் மேற்கு என்கிற ஆள். அவரே அன்று, “அண்ணன் சொல்றதுதான் சரி. உசுரு இருக்கிற வரைக்கும் நாங்கதான் தூக்குவோம்” என்று மார்தட்டினார். மற்ற ஆறு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

ஆத்தா மசியவில்லை. “டிராக்டர் வரலேன்னா கோயில விட்டே வர மாட்டேன்!”

சாமி குத்தத்துக்கு யார் பதில் சொல்வது? ஊர் சம்மதித்தது. எட்டுப் பேரும் ராக்கனை முறைத்துக்கொண்டே கலைந்தார்கள். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனவனை, “வாங்க டிராக்டர்” என்றே கூப்பிட்டார்கள். பாவம், பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டான்.

மத்தியானம் ராக்கன் வீட்டுக் கொல்லைப்பக்கமாகச் சிவசாமி வந்தார். கக்கத்தில் ஒரு சேவல்.

“நல்லா ஆடுன மாப்ளே. சொன்னதுக்கு மேலயே ஆடிப்புட்ட.”

“அதுக்காக ‘வாங்கித் தின்னவன்’னு சொல்லணுமா மாமா?”

“சும்மா இருந்தா சந்தேகப்படுவாய்ங்கள்ல?” சிவசாமி முட்டியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். “அறந்தாங்கியில எக்ஸ்ரே எடுத்தேன்டா. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்த மாதிரி குருத்தெலும்பு இருக்காம்ல, அது ஒரு பக்கமாத் தேஞ்சே போச்சாம். சும்மா நடந்தாலே நம்ம எடை ரெண்டு மூணு மடங்கா முட்டியில எறங்குமாம். இதுல ஆத்தாளையும் சொமந்தா என்னத்துக்கு ஆகும்? இப்படியே தூக்குனா கம்பு ஊனித்தான் நடக்கணும்னுட்டாரு டாக்டரு. எனக்கு அங்கனயே கண்ணு கலங்கிருச்சு.”

“அத ஊர்ல சொல்லிட்டு ஒதுங்கியிருக்கலாம்ல?”

“நானா ஒதுங்குனா நாகராசுப் பய முன்னாடி வந்துருவான். அவன் முட்டியெல்லாம் கருங்கல்லு. ஆத்தாளே வேணாம்னுட்டா ஒரு பயலுக்கும் இல்ல பாரு! யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத, என்ன?”

சேவலை நீட்டினார். ராக்கன் வாங்கவில்லை. கொல்லை மூலையைக் கையால் காட்டினான்.

“நீங்களே கட்டிருங்க மாமா. அங்கிட்டு ஏழு நிக்குது பாருங்க. அந்தச் செகப்புச் சேவலுக்குப் பக்கத்துல மட்டும் கட்டாதீங்க, கொத்தும். நாகராசு மாமா கொண்டாந்தது.”