எந்தப் பொந்தில் போடுவது?

காட்டில் ஒரு கேள்வி மரம் இருந்தது. யாரும் கேட்கலாம், யாரும் பதில் எழுதலாம். "அரளிக்காய் தின்னலாமா?" என்று முயல் கேட்டிருந்தது. "தாராளமாக!" என்று யாரோ பதில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அணிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

புகார் சொல்ல, மரத்தில் வசவு, தரக்குறைவு என்று விதவிதமான பொந்துகள் இருந்தன. பொருத்தமான பொந்தில் ஒரு கல்லைப் போட வேண்டும். அணில் கல்லோடு ஓடியது.

"விஷத்தைத் தின்னச் சொன்னா எந்தப் பொந்து?" என்று காவலுக்கு இருந்த மரங்கொத்தியைக் கேட்டது.

"மரியாதையாத்தானே எழுதியிருக்கு? வசவுல வராது."

"தரக்குறைவு?"

"அது எழுத்துப் பிழைக்கு."

"அப்போ பொய்க்கு?"

மரங்கொத்தி யோசித்தது. "இதுவரை யாரும் கேக்கலையே!"

அதற்குள் முயல் அரளிக்காயைப் பறித்துவிட்டது.

"முயலண்ணே, தின்னாதீங்க! விஷம்!" என்று காடே அதிரக் கத்தியது அணில். முயல் காயை வீசி எறிந்தது.

"கூச்சல் போடக் கூடாது," என்றது மரங்கொத்தி. "அதுக்குத் தனிப் பொந்தே இருக்கு."

"அப்படியா! எங்கே?" என்று இன்னும் போடாத கல்லோடு ஆவலாக எட்டிப் பார்த்தது அணில்.