ஒரு வரி

கருக்கலைப்புக்கான ஒப்புதல் படிவத்தின் கடைசி வரி 'கணவர் கையொப்பம்'. தங்கபுஷ்பம் அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தபடியே தாளை நீட்டினாள்.

"விரலை எடும்மா. வீட்டுக்காரர் எங்க?" என்றார் ஆஸ்பத்திரி குமாஸ்தா.

"அவரு போட்ட கையெழுத்துதான் சார் வயித்துல இருக்கு. ஆளக் காணோம். இன்னொண்ணுக்கு எங்க போவேன்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. "தேடிக் கூட்டிட்டு அடுத்த வாரம் வா."

சட்டம் தரும் இருபது வாரம் நாளையோடு முடிகிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், அரைவயிற்றுக் கஞ்சி.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சகாயமேரி தாளை வாங்கினார். தினமும் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். கருக்கலைப்பு நடக்கும் அறைக்குள் மட்டும் பதினோரு வருடங்களாகக் கால் வைத்ததில்லை. அதற்கென்று தலைமை நர்ஸிடம் அனுமதி வாங்கியிருந்தார்.

"சட்டம் இவ கையெழுத்து போதும்னுதான் சொல்லுது சார். புருஷனைக் கேக்கறது இந்தத் தாளை அச்சடிச்சவன்" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

தங்கபுஷ்பம் கையெழுத்திட்டாள். அறை வாசல் வந்ததும் நின்றாள்.

"பயமா இருக்கு சிஸ்டர். நீங்களும் வாரீங்களா?"

சகாயமேரி, கோயில் வாசலில் செய்வதுபோல, குனிந்து செருப்பைக் கழற்றினார்.