மேஸ்திரி கேட்ட விவாகரத்து

"ஐயா, எனக்குச் சம்மதம் இல்லைங்க. நான் இவரோடதான் இருக்கப் போறேன்."

குடும்ப நீதிமன்றத்தின் மின்விசிறி இரைச்சலையும் மீறி அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற கட்டட மேஸ்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

கணவனும் மனைவியும் ஒருமித்துக் கையெழுத்திட்டுப் பல மாதங்களுக்கு முன் கொடுத்த மனு அது. இன்று இருவரும் ஒருமுறை "சரி" என்று சொல்லிவிட்டால் விவாகரத்து கைக்கு வந்துவிடும். அதன்பின் மனைவியைப் பற்றி அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாராவது மிரட்டினாங்களாம்மா?"

"ஐயோ, இல்லைங்க. பாவம், இவரைத் தனியா விட மனசு வரலை. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவாரு. நான்தான் சமாதானம் சொல்லி வெளியே கூட்டிட்டு வரணும்."

அறையில் சிரிப்பலை எழுந்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. நான்கு சுவருக்குள் மட்டுமே தெரிந்த சங்கதி அது.

"காலையிலகூடச் சரின்னுதான் சொன்னா ஐயா! பொய் சொல்றா!"

"ஒருத்தர் வேண்டாம்னா முடிஞ்சது. மனு தள்ளுபடி. கூட்டிட்டுப் போய் நல்லபடியா குடும்பம் நடத்துங்க."

கதவு சாத்திய கூண்டில் அகப்பட்ட நரியைப் போல மேஸ்திரி விழித்தார்.

வராந்தாவில் வக்கீல் அவர் தோளைத் தட்டினார். "கொடுத்து வச்சவருய்யா நீங்க! என் வீட்டுக்காரியைக் கேட்டா, கேட்டு முடிக்கிறதுக்குள்ள சம்மதம்னுடுவா."

வக்கீல் தலை மறைந்ததும் மேஸ்திரி பல்லைக் கடித்தார். "உள்ளே என்ன சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? என்ன விளையாட்டு இது?"

அவள் அவர் கையைப் பற்றினாள். வெயில் கொளுத்திய அந்த நேரத்திலும் அவள் விரல்கள் ஈரமண்ணைப் போலச் சில்லிட்டிருந்தன.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் பிரியமாக. "சமையலறைத் தரையைப் பேத்து மறுபடி பூசினீங்களே, சிமெண்டைக் கொஞ்சம் மெல்லிசாப் போட்டிருக்கக் கூடாதா? கீழே மூச்சு முட்டுதுங்க."

மேஸ்திரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மனைவியின் சாயலில் தேடிப் பிடித்து, அவளுக்குப் பதிலாகத் தலையாட்டிவிட்டுப் போக வெளியூரிலிருந்து அவர் கூலி பேசி அழைத்து வந்திருந்த நாடகக்காரி அவள். அந்தத் தரையைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.