பதினான்கு படங்களில் ஒருத்தி

பதினான்காவது படத்திலும் அவள் இருந்தாள்.

மியூரியல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். 1971, ஊர்த் திருவிழா, கயிறிழுக்கும் போட்டி. மொத்தக் கூட்டமும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் கொஞ்சம் கலங்கலாக நின்ற அந்தப் பெண் மட்டும் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள்.

காமிராவுக்குப் பின்னால் நின்றவர் மியூரியலின் கணவர் டெஸ்மண்ட்.

முப்பது வருடம் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு அவர் ஒருவர்தான் புகைப்படக்காரர். அவர் எடுத்த அறுபது படங்களை நேற்றிலிருந்து தேவாலயக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு காகிதம். முகம் தெரிந்தவர்கள் பேரை எழுதலாம்.

மற்றவர்களுக்கு டெஸ்மண்ட் வேலையே வைக்கவில்லை. கதவு திறந்ததும் வந்து, பத்திரிகைக்கு எழுதிய பழக்கத்தில், இடமிருந்து வலமாக எல்லாப் பேரையும் எழுதி முடித்துவிட்டார்.

"என்ன ஞாபகம் உன் வீட்டுக்காரருக்கு! நாய் பேரைக்கூட விடலை," என்றார் கேக் தட்டோடு வந்த நார்மன். கண்காட்சி அவர் ஏற்பாடு. "நான் போன வாரம் எங்க கல்யாண நாளையே மறந்துட்டேன். வீட்டுல இன்னும் பேச்சுவார்த்தை இல்லை."

மியூரியல் சிரிக்கவில்லை. நாயின் பேர் பிஸ்கட். அது காகிதத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. பதினான்கு காகிதத்திலும் அதே கோடு.

அவள் பேர் மியூரியலுக்குத் தெரியும். ரோசலிண்ட். காலணிக் கடையில் வேலை பார்த்தவள். மியூரியலின் கல்யாணத்துக்கு வெள்ளை ஷூ அளவெடுத்துக் கொடுத்ததே அவள்தான். பிறகு கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

டெஸ்மண்டுக்குப் பேர் மறக்காது. மறைக்க வேண்டிய பேருக்குத்தான் கோடு போட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாள். இதே கூடத்தைத்தான் கேட்டு வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பார்க்க அந்த மனுஷன் பக்கத்தில் நிற்க முடியுமா என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. அறுபது படத்தில் மியூரியலின் படம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் யாரோ குனிந்து அதே படத்தைப் பார்த்தார்கள். நரைத்த முடி, சிவப்புக் கழுத்துத் துணி. ஆனால் சிரிப்பு மாறவில்லை.

"ரோசலிண்ட்தானே நீங்க?"

"அட, மியூரியல்! அஞ்சரை நம்பர். வலது கால் மட்டும் கொஞ்சம் அகலம்."

"என் கால் கிடக்கட்டும். பதினாலு படம். எண்ணிட்டேன்."

"பதினஞ்சு. வெள்ளம் வந்த படத்துல, ரொட்டிக்கடை மாடி ஜன்னல்ல பாருங்க."

மியூரியலுக்குக் காது சூடானது. மரியாதை தானாகவே கழன்றுகொண்டது.

"என் புருஷன் போன இடமெல்லாம் உனக்கென்ன வேலை?"

"திருவிழா எல்லாருக்கும் பொதுதானே?"

"பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு குடுத்த இடத்துலயும் நிக்கறே. நீ தொட்டியில புதினாகூட வளர்த்தது கிடையாது!"

ரோசலிண்ட் கோபப்படவில்லை. காகிதத்திலிருந்த கோட்டை விரல் நுனியால் தொட்டாள்.

"நாய் பேரை எழுதினவர் என் பேரை மட்டும் ஏன் விட்டார்?"

"நீயே சொல்லேன்."

"நாங்க ஒரு தடவைகூடத் தனியாப் பேசினதில்லை, மியூரியல். சத்தியமா. எனக்குத்தான் பைத்தியம், அவருக்கு ஒண்ணும் இல்லைன்னே நினைச்சுட்டிருந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நேத்து இந்தக் கோட்டைப் பார்த்தேன். ஊரே படிக்கிற காகிதத்துல சில பேரை எழுத முடியாதில்லையா? பஸ்ஸுல வீடு போறவரைக்கும் அழுதேன்."

பேசியிருந்தால்கூட மியூரியல் தாங்கியிருப்பாள். ஒரு ராத்திரி தப்பு நடந்தது என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பேசாமலே ஐம்பது வருடம் மனசில் வைத்திருக்கிறார் என்றால் எதை எடுத்துச் சண்டை போடுவது?

வீட்டில் தன்னிடமும் அவர் அதிகம் பேசியதில்லை என்பது ஞாபகம் வந்தது.

"அப்போ ஒண்ணு பண்ணு," என்றாள். "அடுத்த மாசம் இதே கூடத்துல எங்களுக்கு விழா. நீயே வந்து அந்த ஆள் பக்கத்துல நில்லு. கேக்கையும் நீயே வெட்டு. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"மியூரியல்..."

"போதும்."

டெஸ்மண்ட் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

அப்போதுதான் அவர் ரோசலிண்டைக் கவனித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். கோப்பைகளை ஜன்னல் திண்டில் வைத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நீங்களா! அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கு."

ரோசலிண்டின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. மியூரியல் மோதிர விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. நல்ல வேளை, நேர்லயே வந்துட்டீங்க." டெஸ்மண்ட் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"உங்க பேரு என்னங்க?"