கம்பியின் மறுமுனை

வெளியூர்க்காரரோடு பேச நானே பொருத்திய வானொலிப் பெட்டியில் ஒரு கிழமையாகக் கூப்பிடுகிறேன். யாருக்கும் என் குரல் எட்டவில்லை. மாலை வானொலி வகுப்பில் சொல்லித்தந்த முறைப்படி பெட்டியைச் சோதித்தேன். பற்றரியை மாற்றினேன். பயனில்லை.

பக்கத்து வயலில் நின்ற விமலேஸ்வரி அக்கா சிரித்தார்.

"என்ன தம்பி, உங்கட பெட்டி இன்னும் ஊமையோ?"

"ஓம் அக்கா. பிழை என்னிலயோ தெரியேல்ல."

"உங்களில பிழை இராது. என்ர நெல்லும் கதிர் தள்ளிட்டுது. ரெண்டு பேருக்கும் நல்லது நடக்கட்டும்."

சோதிக்க மிஞ்சியது குரலை வெளியே அனுப்பும் ஏரியல் கம்பிதான். அது என் கூரையிலிருந்து அவர் வயலோரப் பாலைமரம் வரை போகிறது. மரத்தில் ஏறிப் பார்த்தேன். ஏரியலின் நுனியில் யாரோ ஒரு துருப்பிடித்த கம்பியை முறுக்கியிருந்தார்கள். அது கீழே பற்றைச் செடிகளுக்குள் இறங்கியது. எங்கே போகிறதென்று பார்க்கவில்லை. அந்தத் துருக்கம்பியைக் குறட்டால் வெட்டிவிட்டேன்.

அன்று மாலையே மதராஸிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். விடிந்ததும் மறுபடி அவரைக் கூப்பிட்டேன்.

வாசலில் அக்கா நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. போன கிழமை கேளாமல் உங்கட கம்பியிலதான் என்ர தகரப்பேணிக் கம்பியைக் கட்டினனான். காட்டுப்பன்றி கம்பியில முட்டினால் பேணி சத்தம் போடும். ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. வயல் முழுக்கக் கிண்டிப் போட்டுதுகள். கம்பியையும் அறுத்துப் போட்டுதுகள்." என் பெட்டியை எட்டிப் பார்த்தார். "உங்கட பெட்டிக்கு ஏதும் பழுதோ?"

மேசையில் குறடு கிடந்தது. பெட்டிக்குள் மதராஸ்காரர், என் குரல் மிகத் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.