கழுவி வைத்த ஹெல்மெட்

"எனக்குப் புது ஹெல்மெட் வேணும்." கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியதைத்தான் முதலில் கேட்கிறேன். மின்சார பைக்கில் பார்சல் கொண்டுபோகிற வேலை. போன மாதம்வரை அக்கா பார்த்தது. பைக் விபத்தில் அடிபட்டு அவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். "ஹெல்மெட் போடாம ஓட்டுச்சு, நஷ்டஈடு கிடையாது" என்று எங்களைக் கைகழுவிய மேனேஜர் அலமாரியைக் காட்டுகிறார். "நீ பட்டதாரின்னா கிரீடமா செஞ்சு தர முடியும்? இருக்கிறதுல ஒண்ணை எடும்மா." ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே பளபளக்கின்றன. ஒன்றின் உள்ளே விரலை விடுகிறேன். சோப்பு வாசனை. மெத்தைக்கு அடியில் தெர்மாகோல் குறுக்கே பிளந்திருக்கிறது. பிளவுக்குள் அக்காவின் பச்சை ஹேர்பின். "அளவு சரியா இருக்கா?" என்கிறார். "எங்களுக்கு இது போதும் சார்." அவர் கொடுத்திருந்த பைக் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, அவர் கூப்பிடக் கூப்பிட வெளியே நடக்கிறேன்.