போதும் என்று சொல்ல ஒருத்தி

ரொசாரியோவின் குடல் புற்றுநோய்க்குத் தீனி போடுவது கொழுப்பில் சுரக்கும் ஹார்மோன்தான் என்றார் டாக்டர். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடம்பு முழுக்க அடைத்துவிடும் ஊசிக்கு, தயங்கிய கணவனைப் பெனிட்டாதான் சம்மதிக்க வைத்தாள். நோய் போனது. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்வதும் அதே ஹார்மோன் என்பதால், அதோடு அந்த உணர்வும் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் சொன்னால்தான் சாப்பாட்டை நிறுத்துவார்.

மகளின் கல்யாணப் பந்தியில் அவர் மறுபடியும் மறுபடியும் சோறு கேட்டதும் சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள்.

"போதும், எந்திரிங்க" என்று பெனிட்டா அவர் இலையை மடக்கினாள்.

ரொசாரியோ உடனே எழுந்து கைகழுவினார்.

"பாயசம் இனிமேத்தான் வரும்போல, பரவால்ல. எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு, என்ன பெனி?"

இலையை மடக்கும்போது அவள் சம்பந்திகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எவ்வளவு சாப்பிட்டிருந்தார் என்று அவள் கவனிக்கவே இல்லை.